அத்தியாயம் 7: இலை தொங்கினால் முதலில் செம்பைக் கீழே வையுங்கள்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் காலையிலேயே அழைத்தார். "பிள்ளை, கற்றாழை சோர்ந்து விழுந்துபோய்க் கிடக்குது. நேற்றும் தண்ணி விட்டனான். பிறகும் எழும்புதில்லை." மண் எப்படி இருக்கிறது அக்கா என்று கேட்டேன். "அது பார்க்கேல்லையே" என்றார்.

மதியம் போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில், பூப்போட்ட பீங்கான் தொட்டிக்குள் செடி இருந்தது. இலைகள் ஒட்டிப்போய், நடுவில் குழி விழுந்து, தண்ணீரையே காணாத செடி மாதிரித் தெரிந்தன. யார் பார்த்தாலும் தாகம் என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கினேன். பீங்கானின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. வாரக்கணக்கில் மாற்றாத பூச்சாடியின் வாடை அடித்தது. செடியை லேசாகப் பிடித்து இழுத்தேன், வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. மாதக்கணக்கில் அந்தச் செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் வாடியிருக்கிறது.

தொங்கும் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும்: "எனக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை." ஏன் வரவில்லை என்பதை இலையில் தேடிப் பயனில்லை. மண் வறண்டிருக்கலாம். வேர் அழுகியிருக்கலாம். வேரைப் புழு தின்றிருக்கலாம். தண்ணீர் வந்து சேர்ந்தும், வெளிச்சம் போதாமல் இலையே மெலிந்து, தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் சாய்ந்திருக்கலாம். இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் தண்ணீர் மருந்து. மற்றவற்றில் ஊற்றும் ஒவ்வொரு செம்பும் செடியை இன்னும் கொஞ்சம் கொல்கிறது. இந்த ஊரில் நான் பார்த்த வாடிய செடிகளில் தாகத்தால் வாடியவை குறைவு. அதனால்தான் தலைப்பையே அப்படி வைத்திருக்கிறேன்.

வாசலில் தொங்கிய கற்றாழை

எங்கள் வீட்டு நிலைவாசலில் அம்மா ஒரு சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கிக் கயிற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். திருஷ்டிக்காக. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதக்கணக்கில் அது உயிரோடு இருந்ததோடு, நுனியைச் சூரியன் பக்கம் வளைத்துக்கொண்டு புதுக் குருத்தும் விட்டது. சதைப்பற்றுச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் நம் வீட்டு வாசலிலேயே தொங்கியிருக்கிறது. இவை தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்கனமாகச் செலவழிக்கும் இனம்.

அந்தச் சிக்கனத்தின் சூட்சுமத்தைக் கண்டுகொண்ட கதையில் நம் ஊருக்கும் லண்டனுக்கும் பங்குண்டு. தரங்கம்பாடிக்கு மொராவிய சபை ஊழியராக வந்து, பிறகு சென்னை அரசாங்கத்தில் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹைன். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்பதை அவர் நாக்கால் கண்டுபிடித்து எழுதினார். 1815-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்வுத் தொகுதியில் அது வெளியாயிற்று. பின்னால் வந்தவர்கள் காரணத்தை விளக்கினார்கள். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பு அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்து உணவு தயாரிக்கின்றன. வெயில் நேரத்தில் துளை திறக்காததால் தண்ணீர் வீணாவதில்லை. கற்றாழை, ஜேடு, ரணகள்ளி எல்லாமே இப்படித்தான்.

இவ்வளவு சிக்கனமான செடிக்கு வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை தவறாமல் என்று கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? ஊரில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லுபடியானது வெயிலின் தயவால். சென்னையில் ஆண்டிலேயே குறுகிய பகலும் 11 மணி நேரத்துக்குக் கூடுதல். லண்டனில் டிசம்பர் 21 அன்று பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அன்று நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். சென்னையில் அதே நாளில் 53 டிகிரி. எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி அந்த 15 டிகிரி வெயில் உங்கள் ஜன்னலுக்குள் வருமா என்பதே சந்தேகம். லண்டனில் மழை அதிகம், அதனால்தான் செடி அழுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டு மழை இங்கே சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஊற்றிய தண்ணீரை உலர்த்த இங்கே வெயில் இல்லை என்பதுதான் வித்தியாசம். அக்டோபரில் ஊற்றியது நவம்பரிலும் தொட்டிக்குள் இருக்கும்.

கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் பாருங்கள்

செடி தொங்குகிறது என்று தெரிந்ததும் முதல் வேலை தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. அலங்காரத் தொட்டிக்குள் இருந்தால் அதிலிருந்து வெளியே எடுங்கள். அடியில் தண்ணீர் இருந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. தொட்டி கனமா, லேசா? தண்ணீர் ஊற்றிய அன்றைக்கும் நன்றாகக் காய்ந்த அன்றைக்கும் ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்துக்கொண்டால், அப்புறம் ஆயுசுக்கும் கையே தராசு.

அடுத்தது குச்சி. கபாப் குத்தும் மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு, குச்சி கறுத்து ஈரமாக வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காரணத்தைப் பின்னால் மண்ணைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அப்புறம்தான் இலை. நடுவில் உள்ள இலை ஒன்றை இரண்டு விரலுக்கிடையில் மெதுவாக அழுத்துங்கள். தாகத்தில் இருக்கும் இலை சுருங்கி, தோல் மாதிரி மடங்கும். நிறம் பெரும்பாலும் மாறியிருக்காது. தண்ணீர் மிஞ்சிய இலை கனிந்த பழம்போல் குழையும், மஞ்சளாகும், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். ஜேடில் தொட்டாலே உதிரும். ஆனால் அக்கா வீட்டுக் கற்றாழையை நினைவில் வையுங்கள். வேர் அழுகி முடிந்த பிறகு, மேலே உள்ள இலைகளும் சேமிப்பைத் தின்று தீர்த்துத் தாகத்தின் கோலத்துக்கே வந்துவிடும். எனவே இலை மட்டும் சுருங்கியிருந்தால் போதாது. இலையும் சுருங்கி மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். இலை சுருங்கி மண் ஈரமாக இருந்தால் வேர் போய்விட்டது. இந்த ஒரு வரியை எழுதி ஜன்னல் ஓரத்தில் ஒட்டி வைத்தாலும் தகும்.

அடி இலைகள் இரண்டு மூன்று மட்டும் காய்ந்து காகிதமாகி, நடுக்குருத்து கெட்டியாக இருந்தால் கவலைப்பட எதுவுமில்லை. கிழ இலை உதிர்வது இயற்கை. எச்செவேரியா மாதிரி ரோஜா வடிவத்தில் அடுக்கடுக்காக இலை வைக்கும் செடிகளில் இது எப்போதும் நடக்கும். காய்ந்ததைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அதன் கீழ் மாவுப்பூச்சி குடிபுகாமல் இருக்கும்.

வேர் போயிருந்தால்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான செடிகள் இங்கேதான் பிழைக்கின்றன அல்லது போகின்றன. பயம் வேண்டாம். வாசலில் வேரோடு தொங்கி மாதக்கணக்கில் பிழைத்த இனம் இது. வேரில்லாமல் இரண்டு மூன்று வாரம் மேஜைமேல் கிடந்தால் சாகாது.

பழைய செய்தித்தாள் விரித்து, செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். ஈர மண்ணைக் கையால் உதிருங்கள், கழுவ வேண்டாம். நல்ல வேர் வெளுப்பாகவோ வைக்கோல் நிறமாகவோ இருக்கும், இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று உள்ளே ஒரு நூல் மிஞ்சும். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் தண்ணீர் நிரம்பினால் வேர் மூச்சு முட்டிச் சாகிறது, அதன்மேல் அழுகல் பூஞ்சை ஏறுகிறது. கறுத்ததை எல்லாம் வெட்டிவிடுங்கள். கத்தியை முதலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவிலும் துடைப்பது நல்லது.

அழுகல் தண்டுக்குள் ஏறியிருந்தால் இரக்கம் பார்க்கக் கூடாது. அரை விரற்கடை அரை விரற்கடையாக மேலே மேலே வெட்டிக்கொண்டு போங்கள். வெட்டிய முகம் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக, நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ இல்லாமல் வரும் வரை நிறுத்த வேண்டாம். ஒரு சின்னப் புள்ளியை விட்டுவைத்தாலும் அது மறுபடி மேலே ஏறும். கள்ளி வகையாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பிறகு உலர்த்துதல். வெயில் நேரே படாத, காற்றோட்டமான இடத்தில் செடியை அப்படியே படுக்க வையுங்கள். வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மூன்று நான்கு நாள் போதும். தண்டை வெட்டியிருந்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட ஒரு வாரம், லண்டன் குளிர்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். இந்தக் காத்திருப்பைத்தான் யாராலும் பொறுக்க முடிவதில்லை. செடியை அநாதையாகப் போட்டிருக்கிறோமே என்ற தவிப்பில் மூன்றாம் நாளே நட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். பச்சைப் புண்ணின்மேல் ஈரமண் பட்டால் அழுகல் முதலிலிருந்து தொடங்கும்.

தோல் கட்டிய பிறகு, காய்ந்த புது மண்ணில், அடியில் ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் நடுங்கள். வேர்க்கட்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைச் சுமந்துகொண்டு கிடக்கும். ஆடினால் இரண்டு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். நட்ட பின் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. அதன் பிறகு மாதம் ஒருமுறை ஓரமாகக் கொஞ்சம். மெல்ல இழுத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது என்று கை உணர்ந்தால் வேர் விட்டுவிட்டது என்று பொருள்.

ஜேடுக்கு ஒரு சலுகை உண்டு. தண்டு முழுக்க அழுகினாலும் நல்ல கிளை ஒன்று, அதுவும் இல்லாவிட்டால் கெட்டியான ஓர் இலை இருந்தால்கூடப் புதுச் செடி எழும்பும். ரணகள்ளிக்குக் கேட்கவே வேண்டாம். ஊரில் அதைக் கட்டிப்போட்டால் குட்டி போடும் என்றே சொல்வார்கள். கற்றாழையில் தனி இலை வேர் விடாது, மண்ணில் செருகினால் அழுகத்தான் செய்யும். அதில் தாய்ச்செடி தேறாது என்று தெரிந்தால் அடியில் உள்ள பக்கக் கன்றுகளைக் காப்பாற்றப் பாருங்கள். அந்த அக்காவின் செடியில் தாய் போய்விட்டது. பெருவிரல் அளவில் இரண்டு கன்று கிடைத்தது. ஒன்றை அவர் வைத்துக்கொண்டார், மற்றது என் ஜன்னலில் இருக்கிறது.

உண்மையிலேயே தாகமாக இருந்தால்

இது எளிது. தொட்டியை அரை வாளித் தண்ணீரில் பாதி உயரம் மூழ்க 20 நிமிடம் வையுங்கள். மேல் மண் நனைந்ததும் எடுத்து நன்றாக வடியவிடுங்கள். மேலிருந்து ஊற்றினால், முற்றிலும் காய்ந்து சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தண்ணீர் ஓடி ஓட்டை வழியே வெளியேறிவிடும், வேருக்குப் போகாது. இரண்டு முதல் நான்கு நாளில் இலை புடைத்துக்கொள்ளும். ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால் இரண்டாம் முறை ஊற்றாதீர்கள். வேரைத்தான் பார்க்க வேண்டும்.

லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு கட்டுவது அதனால்தான். இலை தொங்குவதற்கு அது காரணமில்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைக்க வசதியிருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் செடி தாங்கிக்கொள்ளும்.

வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்த செடி

மண் சரியாக இருக்கிறது, வேர் சரியாக இருக்கிறது, இலையும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்து நின்ற கற்றாழை குடை விரிந்த மாதிரி எல்லாப் பக்கமும் படுத்துவிட்டது. அல்லது ஜேடின் கிளைகள் நீண்டு மெலிந்து, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, ஜன்னல் பக்கமாகத் தொங்குகின்றன. இது பட்டினி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை லண்டன் வீடுகளில் இதுதான் நடக்கிறது.

தெற்கு பார்த்த ஜன்னல் இருந்தால் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். மேற்கு அடுத்தபடி. அறையின் நடுவில் உள்ள மேஜை, நமக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்தாலும் செடிக்கு இருட்டுதான். நம் கண் பழகிக்கொள்ளும், இலை பழகாது. வீட்டில் வடக்கு ஜன்னல் மட்டும்தான் என்றால் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்றை ஓரடி உயரத்தில் கட்டி, நேரம் வைக்கும் சுவிட்சில் தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். இன்னொரு வழி, அந்த ஜன்னலுக்கு ஏற்ற செடியையே தேர்ந்தெடுப்பது. ஹாவொர்த்தியா தன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவில் பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும் வளர்வது, அதனால் மங்கல் வெளிச்சத்திலும் மரியாதையாக நிற்கும். லண்டன் செல்சியில் வாழ்ந்து, இத்தகைய செடிகளை ஆராய்ந்து விவரித்த ஏட்ரியன் ஹாவொர்த்தின் பெயரைத்தான் 1809-ல் அதற்கு வைத்தார்கள். இருட்டு வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் செடி இதுதான்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் போதாமல் படுத்த இலை, வெளிச்சம் கிடைத்தாலும் மறுபடி எழுந்து நிற்காது. நீண்ட கிளை குட்டையாகாது. இனி வரும் இலைகள்தான் நிமிர்ந்து வரும். எனவே நடுக்குருத்தைக் கவனியுங்கள். அது நேராகவும் கெட்டியாகவும் வந்தால் வைத்தியம் பலித்துவிட்டது. ஜேடின் மெலிந்த கிளைகளை ஏப்ரல் மே மாதத்தில் பாதிக்கு வெட்டிவிட்டால், வெட்டுக்குக் கீழே இரண்டு இரண்டாகக் கிளைத்துத் தடிக்கும்.

இந்த விஷயத்தை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜனவரியில் ஒருமுறை கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1987-ல் திறந்த வேல்ஸ் இளவரசி கண்ணாடி மாளிகைக்குள் பத்து வகைத் தட்பவெப்பம் அடுத்தடுத்து இருக்கிறது. வறள்நிலப் பகுதியில் நின்று, மண் எப்படி இருக்கிறது, செடிக்கும் செடிக்கும் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், தலைக்குமேல் எத்தனை கண்ணாடி என்று பாருங்கள். நம் வீட்டு ஜன்னல் படி அதற்குப் பிறகு வேறு மாதிரித் தெரியும்.

குளிரும் ரேடியேட்டரும் திடீர் வெயிலும்

பழைய விக்டோரியா காலத்து வீடுகள் பலவற்றில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்தான். இரவில் கனத்த திரையை இழுத்து மூடுகிறோம். செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள் நமக்கு 20 டிகிரி, அதற்கு உறைபனிக்குப் பக்கம். மறுநாள் இலை வெந்த கீரை மாதிரி தண்ணீர் விட்டுத் தொங்கும். கற்றாழைக்கு 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் காய்ந்திருக்கும் செடி ஈரமண் செடியைவிடக் குளிரைத் தாங்கும் என்பதும் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்த இன்னொரு காரணம். இரவில் திரைக்கு இந்தப் பக்கம் எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

எடுத்து ரேடியேட்டர் மேலே வைத்துவிடாதீர்கள். அடிச்சூட்டில் வேர் வாடும்; வெளிச்சமில்லாத சூடு செடியை வீணாக நீளவும் வைக்கும்.

கோடையில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். மே மாதக் கடைசியில் உறைபனி பயம் தீர்ந்ததும் செடிகளை பால்கனிக்கு எடுத்துப் போகலாம். ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் ஆறு மாதம் மங்கலில் இருந்த இலை வெந்து பழுப்பாகிச் சோரும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில், அப்புறம் முழு வெயில். 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாட்களில் பாலைவனத்துச் செடி தானே என்று விட்டுவிடாமல் மதியத்துக்கு மட்டுமாவது நிழலில் வையுங்கள். சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வேர் வெந்துபோகும்.

மண்ணுக்குள் இருக்கும் எதிரி

எல்லாம் ஒழுங்காக இருந்தும், இலையுதிர் காலத்திலிருந்து வசந்தத்துக்குள் ஒரு செடி திடீரென்று தலை சாய்ந்தால், குறிப்பாகக் கோடையில் வெளியே இருந்து வந்த எச்செவேரியாவோ சீடமோ ஆனால், தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பழுப்புத் தலையோடு, அரிசிப்புழுவைவிடக் கொழுத்து, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு கண்ணில் பட்டால் அது திராட்சைக் கூன்வண்டின் குஞ்சு. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் தூரத்து உறவு. பிரிட்டன் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பகை. புழுக்களைப் பொறுக்கி, மண்ணை வெளியே தள்ளி, வேரைச் சுத்தம் செய்து முன்சொன்ன முறையில் உலர்த்தி நடுங்கள். மற்றத் தொட்டிகளுக்கு அந்தப் புழுவைத் தாக்கும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். தபாலில் வரும், உயிருள்ளவை, வந்தவுடன் பயன்படுத்த வேண்டும்.

இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. 2008-க்குப் பிறகு நம் ஊர்ப் பப்பாளியையும் மரவள்ளியையும் பாடாய்ப்படுத்தியதே, அதே குடும்பம். காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு மாதம். மண்மேல் சின்னக் கறுப்புக் கொசுக்கள் பறந்தால் அவை பெரிதாகக் கெடுதல் செய்யாது, ஆனால் மண் ஈரமாகவே இருக்கிறது என்று வந்து சாட்சி சொல்கின்றன.

எந்த மண்

ஊரில் கம்போஸ்ட் என்றால் மட்கிய எரு. இங்கே கடையில் பையில் கம்போஸ்ட் என்று எழுதியிருப்பது தொட்டியில் நிரப்பும் கலவை. இந்தச் சொல் குழப்பத்தில் தோட்டத்து மண்ணில் கொஞ்சம் கம்போஸ்ட் கலந்து செடி நட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லண்டன் களிமண் தொட்டிக்குள் செங்கல்லாக இறுகிவிடும்.

பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியை வெட்டி எடுப்பது இயற்கைக்குக் கேடு என்பதால் இப்போது பீட் இல்லாத கலவைகள் பெருகிவிட்டன. பலவற்றில் தென்னைநார்த் தூள் இருக்கும்; பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வருவது. நல்ல பொருள்தான், ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சாம்பல் நிறமாகக் காய்ந்து தெரியும். இரண்டு விரற்கடைக்குக் கீழே ஈரம் அப்படியே நிற்கும். மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

நான் விரும்புவது ஜான் இன்னஸ் எண் 2. பையில் பெரிதாக எழுதியிருப்பதால் இது ஒரு கம்பெனியின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இது ஒரு செய்முறை. தெற்கு லண்டன் மெர்ட்டனில் 1910-ல் தொடங்கிய ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில், 1930-களில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் எந்தச் செடிக்கும் நம்பி வைக்கக்கூடிய கலவையைத் தேடி வகுத்தது: ஏழு பங்கு வண்டல் மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல், அளவான உரம். யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம். பீட்டைத் தவிர்த்துச் செய்ததும் கிடைக்கிறது. டூட்டிங் பக்கம் இருப்பவர்கள் மெர்ட்டனில் உள்ள ஜான் இன்னஸ் பூங்காவுக்கு ஒரு மாலை நடந்து போய் வரலாம். வண்டல் மண் இருப்பதால் இந்தக் கலவை காய்ந்த பிறகும் தண்ணீரை ஏற்கும், தொட்டிக்குக் கனமும் கொடுக்கும். தலைக்கனமான ஜேடு கவிழாது.

எதை வாங்கினாலும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். இரண்டு பங்கு கலவைக்கு ஒரு பங்கு தோட்டத்துக்கான பொடிக்கல்லோ பெர்லைட்டோ சேருங்கள். தெற்கு ஜன்னல் இல்லாத வீட்டில் சரிபாதி. கையில் அள்ளிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். மண்தொட்டி கிடைத்தால் அதுவே சிறந்தது, சுவரே ஈரத்தை வெளியே விடும். ஞாயிற்றுக்கிழமை கொலம்பியா ரோடு பூச்சந்தையில் வாங்கிய செடியின் வேரை வீட்டுக்கு வந்ததும் பாருங்கள். பல செடிகள் விற்பனைக்காக ஈரம் தாங்கும் கலவையில், நாற்று விட்ட காலத்து வலைக்கூட்டோடு இருக்கும். அந்த வலையை வெட்டி எடுத்து, இரண்டு வாரம் வீட்டுக்குப் பழகவிட்டு, பிறகு மாற்றி நடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகிறோம். கறிவேப்பிலைச் செடிக்குச் சொல்லுங்கள். சதைப்பற்றுச் செடிகளைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள், சொன்னதோடு ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். அன்புள்ள அண்டை வீட்டுக்காரர் ஒரு செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். கிளம்பும் முன் அலங்காரத் தொட்டிகளிலிருந்து எடுத்து, ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, திரையைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள். வெப்பமூட்டியைப் பூட்டிய வீட்டில் முழுக்க அணைக்காமல் குறைந்த அளவில் விட்டால் தண்ணீர்க் குழாயும் உறையாது, செடியும் பிழைக்கும். ஜூலை ஆகஸ்டில் ஆறு வாரம் என்றால் கிளம்பும் அன்று நன்றாக நனைத்து வடியவிட்டு, கிழக்கு ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள்.

திரும்பி வரும்போது பெட்டியில் அம்மா கொடுத்த கற்றாழைக் கன்றைக் கொண்டு வராதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் செடியை பிரிட்டனுக்குள் கொண்டு வர அனுமதியில்லை. கன்று வேண்டுமென்றால் இங்கேயே யாரிடமாவது கேளுங்கள். கற்றாழை வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் கொடுக்கக் கன்று இருக்கும்.

வந்து இறங்கிய இரவு, களைப்போடு விளக்கைப் போட்டதும் இலைகள் கொஞ்சம் ஒட்டிப்போய்த் தெரியும். அந்த நேரத்தில் ஊற்ற வேண்டாம். மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், குச்சியைச் செருகுங்கள், பத்து நிமிடம் கழித்து உருவுங்கள்.